துரு அடைச்சு வச்சிருந்த ஓட்டை

“ஒரே ஒரு ஓட்டைதானடா இருந்துச்சு, அதை நீ பதினொண்ணு ஆக்கிட்டியே”ன்னு என் நண்பன் கேட்டு ஏழு மாசம் ஆகுது. கேலியா கேக்கல, வருத்தப்பட்டுத்தான் கேட்டான். என் பழைய காரோட பெட்ரோல் டேங்கைத்தான் சொன்னான். அந்த வண்டி மேல எனக்கு எவ்வளவு ஆசையோ அவனுக்கும் அவ்வளவு ஆசை, எத்தனையோ ராத்திரி எனக்கு டார்ச் புடிச்சவன் அவன். அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. டேங்க் வேலை எல்லாம் முடிஞ்சு இப்போ வண்டி நல்லா ஓடிக்கிட்டு இருக்கு, ஆனா அந்தக் கேள்வி மட்டும் உள்ள எங்கயோ நின்னுக்கிட்டே இருக்கு. நான் செஞ்சது சரியா, இல்ல சும்மா கெடந்ததைக் கிளறி விட்டேனா? எழுதிப் பாத்தா கொஞ்சம் தெளியும்னு தோணுச்சு.

வண்டி 1960கள்ல வந்த மாடல், டேங்க் டிக்கித் தரைக்குக் கீழ ரெண்டு இரும்புப் பட்டையில தொங்குது, சுமார் 40 லிட்டர் புடிக்கும். 15 வருஷம் ஓடாம ஒரு ஷெட்டுல நின்ன வண்டி. வாங்கினதுக்கு அப்புறம் என்ஜின், பிரேக், வயரிங்னு ஒவ்வொண்ணா சரி பண்ணி ரெண்டு வருஷமா ஓட்டிக்கிட்டு இருந்தேன். டேங்க் பக்கம் மட்டும் போகவே இல்ல. பழைய வண்டி வச்சிருக்கிற நெறைய பேர் இப்படித்தான், கார்புரேட்டரைப் பத்து தடவை கழட்டி மாட்டுவோம், பிளக்கைத் துடைப்போம், பம்பரைப் பளபளன்னு தேய்ப்போம், டேங்கை மட்டும் பெட்ரோல் ஊத்தி வைக்கிற ஒரு பாத்திரம்னு நினைச்சுக்குவோம். ஆனா அந்த வண்டியில வேற எந்தப் பாகத்துக்கும் இல்லாத ஒரு விஷயம் அதுக்கு இருக்கு, 15 வருஷம் வண்டி சும்மா நின்னாலும் அதுக்கு ஓய்வு கெடையாது. பகல்ல சூடாகி உள்ள இருக்கிற காத்து வெளிய போகும், ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காத்து ஈரத்தோட உள்ள வரும், அந்த ஈரம் தகட்டுல வேர்த்து அடியில போய் உக்காரும். தண்ணி பெட்ரோலைவிட கனம்ங்கறதால மேல வரவே வராது. மேல பெட்ரோல், அடியில தண்ணி, அந்தத் தண்ணிக்கு அடியில இரும்பு. இது தினமும் நடந்துக்கிட்டே இருக்கும்.

சொட்டு விழற இடம்

முதல்ல வந்தது வாசனைதான். அதுவும் டேங்க் ரொப்பின அன்னைக்கு மட்டும், ரெண்டு நாள்ல போயிடும். ஃபுல் டேங்க்ல மட்டும் வாசனை வந்தா பொதுவா ஓட்டை மேல் பக்கம் எங்கயோ இருக்கும், பெட்ரோல் அளவு காட்டுற ஃப்ளோட் மாட்டியிருக்கிற இடத்து கேஸ்கெட், இல்லைன்னா ஊத்துற குழாயையும் டேங்கையும் சேர்க்கிற ரப்பர் ஹோஸ். பெட்ரோல் வெயில்ல விரியறதும் கொஞ்ச நஞ்சம் இல்ல, 40 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினா முக்கால் லிட்டர் கிட்ட கூடிடும், கழுத்து வரைக்கும் ஊத்தி வெயில்ல நிறுத்தினா அந்த முக்கால் லிட்டர் எங்கயாவது போய்த்தான் ஆகணும். டிக்கித் தரையில இருக்கிற மூடியைத் திறந்து ஃப்ளோட்டைக் கழட்டிப் பாத்தேன், கார்க் கேஸ்கெட் காஞ்சு சுருங்கி பிஸ்கட் மாதிரி ஒடஞ்சது. மாத்தினேன். வாசனை பாதி போச்சு. நான் பிரச்சனையே முடிஞ்சதுன்னு நினைச்சுட்டேன், அதுதான் நான் பண்ண முதல் தப்பு. ஒரு காரணம் கெடச்சதும் தேடுறதை நிறுத்தினது.

அடுத்த மாசம் காலையில கீழ போட்டிருந்த அட்டையில ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறை. சொட்டு விழற இடத்தைப் பாத்தா இடது பக்கப் பட்டையோட ஓரம். படுத்துக்கிட்டு விரல் வச்சுத் தடவினேன், ஈரம் இருக்கு, ஆனா ஓட்டை தெரியல. அங்கயே துடைச்சு, ஒரு சோப்புக் கட்டியை எடுத்து அழுத்தித் தேய்ச்சேன். இது பழைய டிரைவர்கள் பண்ற வேலை, சோப்பு தண்ணியில கரையும், பெட்ரோல்ல கரையாது, அதனால சின்னக் கசிவுல போய் அடைச்சுக்கிட்டு சில மணி நேரமோ சில நாளோ தாங்கும், வீடு போய்ச் சேர உதவும், அதுக்கு மேல அதை நம்பக் கூடாது. நிக்கல. அப்புறம் எபாக்ஸி புட்டி பிசைஞ்சு அப்பினேன். அஞ்சு வாரம் தாங்குச்சு, அப்புறம் புட்டியோட ஓரத்துல திரும்ப ஈரம். பெட்ரோல் ஈரம் இருக்கிற தகட்டுல புட்டி ஒட்டவே ஒட்டாது, அது மேல உக்காந்திருக்கும் அவ்வளவுதான், இது எனக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்சும் டேங்கைக் காலி பண்ண சோம்பல்.

புட்டியை நோண்டி எடுத்துட்டு சாக்பீஸ் பொடியைத் தண்ணியில குழைச்சு டேங்கோட அடிப்பக்கம் முழுக்க பூசிக் காய விட்டேன். வெள்ளையா காஞ்ச பூச்சுல பெட்ரோல் பட்ட இடம் மட்டும் கருப்பா தெரியும். ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுது, ஓட்டை பட்டைக்கு அடியிலயே இல்ல, அங்கேர்ந்து ஒரு சாண் தள்ளி, டேங்கோட பின் மூலையில, ரெண்டு தகடு சேர்ற தையலுக்குப் பக்கத்துல. அங்க கசியற பெட்ரோல் தையல் விளிம்பைப் புடிச்சுக்கிட்டே ஓடிவந்து பட்டையில முட்டி அங்க சொட்டுது. பெட்ரோல் தண்ணி மாதிரி முத்து முத்தா நிக்காது, தகட்டோட ஒட்டிப் பரவி ஓடும், போற வழியிலேயே பாதி ஆவியாவும் போயிடும். அதனாலதான் ரொம்ப நாளா வாசனை மட்டும் இருந்து சொட்டு இல்லாம இருந்திருக்கு. நான் அஞ்சு வாரம் புட்டி போட்டுக் காவல் காத்தது கசிவே இல்லாத ஒரு இடத்தை.

அப்போ நண்பன் சொன்னது இதுதான், “இடம் தெரிஞ்சு போச்சுல்ல, பெட்ரோலை வடிச்சுட்டு நல்லா தேய்ச்சு காய வச்சு சரியான இடத்துல புட்டி போடு, இறக்காத.” நியாயமான பேச்சுதான். அப்படிப் பண்ணி வருஷக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க. எனக்கு மனசு ஒப்பல. 15 வருஷம் நின்ன டேங்க்ல ஒரே ஒரு இடத்துல மட்டும் துரு தின்னிருக்கும்னு எப்படி நம்பறது? இறக்கிடலாம்னு முடிவு பண்ணேன்.

காலி டேங்க்

இதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா பழைய வண்டி வேலையில ஆள் சாகக்கூடிய இடம் இதுதான். பெட்ரோல் நெறஞ்ச டேங்கைப் பாத்து எல்லாரும் பயப்படுவாங்க, காலி டேங்கைப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க. நெஜம் அதுக்கு நேர் எதிர். பெட்ரோல் ஆவி காத்துல 1.4 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பத்தாது, 7.6 சதவீதத்துக்கு மேல போனாலும் பத்தாது, நடுவுல இருந்தா வெடிக்கும். நெறஞ்ச டேங்க்ல எரியறதுக்குப் போதுமான காத்து இருக்காது. காலி டேங்க்ல காத்துக்குப் பஞ்சம் இல்ல. கணக்குப் போட்டுப் பாத்தேன், 40 லிட்டர் டேங்குக்குள்ள மூணு மில்லி பெட்ரோல் ஆவியானாலே வெடிக்கிற அளவு வந்துடும், ஒரு டீஸ்பூன்கூட இல்ல அது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி பக்கத்துலயே பத்தற அளவுக்கு ஆவி விடற சாமான், சாதாரண நாள்ல கேக்கவே வேணாம். அந்த ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம், மேல போய்க் கலையாது, தரையோட தரையா ஊர்ந்து போகும், பள்ளத்துல தேங்கும், பத்தடி தள்ளி எரியற அடுப்பைத் தேடிக்கிட்டு அதுவா போகும்.

அதனால எல்லாமே திறந்த வெளியில. முதல்ல பேட்டரி வயரைக் கழட்டினோம், ஃப்ளோட் வயரைத் தொடறதுக்கு முன்னாடியே. வடிச்ச பெட்ரோலை பிளாஸ்டிக் பக்கெட்ல புடிக்காம உலோக கேன்ல புடிச்சோம், பெட்ரோல் ஓடறப்பவே நிலைமின்சாரம் சேரும், பிளாஸ்டிக் அதைத் தரைக்கு விடாது. பல்பு எரியற கைவிளக்கு எதுவும் கிட்டக்க வரல. பட்டை ரெண்டையும் கழட்டி டேங்கைக் கீழ இறக்கி வாயில எட்டிப் பாத்தா அடியில செங்கல் பொடி மாதிரி துரு, அது மேல ஒட்டிக்கிட்டு பழைய பெட்ரோல் இறுகி அரக்கு மாதிரி ஆன பழுப்புப் படலம். கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொட்டேன். அந்தக் காலத்து பெட்ரோல்ல டெட்ராஎத்தில் ஈயம் கலந்திருந்தாங்க, உலகத்துல கடைசியா அதைக் கார்களுக்கு வித்துக்கிட்டு இருந்த அல்ஜீரியா நிறுத்தினதே 2021ல தான். இவ்வளவு பழைய டேங்கோட அடிக்கசடுல ஈயம் இருக்கும்னு வச்சுக்கிட்டு நடக்கறதுதான் நல்லது, சாக்கடையில கொட்டற சமாச்சாரம் இல்ல அது.

பெட்ரோல் வெளிய போற குழாயில ஊதிப் பாத்தேன், பாதிக்கு மேல அடைப்பு. கம்பி விட்டுக் குத்தறப்போ, காரைக் கண்டுபிடிச்ச கார்ல் பென்ஸோட மனைவி பெர்த்தா பென்ஸ் ஞாபகம்தான் வந்துச்சு. 1888 ஆகஸ்ட்ல அந்த அம்மா ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல கார் ஓட்டிக்கிட்டுப் போனப்போ வழியில எரிபொருள் குழாய் அடைச்சுக்கிச்சு, தொப்பியில குத்தற ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பெடுத்துட்டுப் போயிருக்காங்க. அந்த வண்டிக்கு இப்ப நாம சொல்ற மாதிரி டேங்கே கெடையாது, கார்புரேட்டர்ல நாலரை லிட்டர் புடிக்கும், தீந்ததும் வீஸ்லோக் ஊர்ல மருந்துக்கடையில கறை எடுக்க விக்கிற லிக்ராயின் வாங்கி ஊத்திக்கிட்டாங்க. கார்னு ஒண்ணு ஊர்விட்டு ஊர் போன முதல் பயணத்துலயே எரிபொருள் குழாய் அடைச்சிருக்குங்கறது அன்னைக்கு எனக்கு ஒரு ஆறுதலா இருந்துச்சு.

ஈயத்தை உருக்கி ஓட்டையை அடைக்கிற ஈயப் பத்து வேலைக்கு ஒரு பெரியவர் கெடச்சார். ரேடியேட்டர், டேங்க்னு நாப்பது வருஷத்துக்கு மேல பத்த வச்ச கை. டேங்கைத் தூக்கிக்கிட்டுப் போய் “காலி பண்ணி ரெண்டு தடவை சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவிட்டேண்ணே”ன்னு சொன்னேன். அவர் மோந்து பாத்தார், வாசனை இல்ல. எனக்கும் இல்ல. “மூடி போட்டு வெயில்ல வை தம்பி”ன்னார். ரெண்டு மணி நேரம் கழிச்சு மூடியைத் திறந்தா குப்புனு பெட்ரோல் வாசனை. ரெண்டு தகடும் மடிஞ்சு சேர்ற தையலுக்குள்ள பெட்ரோல் ஒளிஞ்சிருக்கு, சூடு பட்டதும் வெளிய வருது. காலையில வாசனை இல்லைன்னு நெருப்பைக் கிட்ட கொண்டு போயிருந்தா, பத்த வைக்கிற இரும்போட சூடு பட்டதும் தையல் தன்கிட்ட இருக்கிறதைக் கக்கியிருக்கும். கொதிக்கிற தண்ணியில சலவை சோடா கலந்து கழுவு, முழுசா தண்ணி ரொப்பி ராத்திரி விடு, கொட்டு, வெயில்ல வை, மோந்து பாரு. மூணு நாள் இதையேதான் பண்ணச் சொன்னார். நாலாவது நாள்தான் வெயில்லயும் வாசனை வரல. அந்த மூணு நாள் எனக்குப் பொறுமை இல்லாம இருந்துச்சு, வாயைத் திறந்து ஒரு தடவை அவசரமும் படுத்தினேன். அவர் கோச்சுக்கல, கைவேலையை நிறுத்தவும் இல்ல, “அப்ப நாளைக்கு வா”ன்னு மட்டும் சொன்னார். இப்போ அதை நினைச்சா எனக்கு அவர் மேல வர்ற மரியாதைக்கு அளவே இல்ல.

பதினொண்ணு

துரு எடுக்கற வேலை என்னோடது. டேங்குக்குள்ள ஒரு முழம் சங்கிலியைப் போட்டு, நானும் நண்பனும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கக் குலுக்கினோம். அப்புறம் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் ஊத்தி அப்பப்போ திருப்பி வச்சு ஒரு நாள் விட்டோம், அது துருவை இரும்பு பாஸ்பேட்டா மாத்தும், கருப்பா ஒரு படலம் நிக்கும். கழுவி உடனே காய வைக்கணும், இல்லைன்னா சுத்தமான இரும்பு அரை மணி நேரத்துல திரும்ப ஆரஞ்சாயிடும், அதனால ஸ்பிரிட் ஊத்திக் குலுக்கிக் கொட்டி, ஸ்பிரிட்டும் பத்தற சாமான்தாங்கறதால வாசனை சுத்தமா போற வரைக்கும் காத்து ஓட்டி, எல்லாம் முடிச்சோம்.

ராத்திரி ஆயிடுச்சு. ஃப்ளோட் மாட்ற ஓட்டை வழியா சின்ன எல்இடி டார்ச் ஒண்ணைக் கயித்துல கட்டி உள்ள இறக்கிட்டு ரூம் லைட்டை அணைச்சேன். அந்த ஒரு ஓட்டை எங்க இருக்குன்னு சரியா குறிச்சுக்கலாம்னுதான் நினைச்சது. டேங்கைத் திருப்பி அடிப்பக்கம் பாத்தோம். பின் மூலையில ஒரு புள்ளி வெளிச்சம், எதிர்பாத்ததுதான். அதுக்குப் பக்கத்துல ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல ஒண்ணு. ஒரே நேர்க்கோட்டுல எட்டு புள்ளி, ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி. கொஞ்சம் திருப்பினா பட்டை அழுத்தியிருந்த தடத்துல இன்னும் மூணு. ரெண்டு பேரும் பேசவே இல்ல. இருட்டுல அந்தப் பதினோரு ஊசிமுனை வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம் உக்காந்திருந்தோம்னு தெரியல. அப்போதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

அவன் சொன்னதுல பொய் இல்ல. நேத்து வரைக்கும் அந்த டேங்க் ஒரே இடத்துலதான் ஒழுகுச்சு. மத்த பத்து இடத்துலயும் துருவும் பழைய பெட்ரோல் அரக்கும் சேர்ந்து இறுகி ஓட்டையை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. நாங்க துருவை எடுத்தோம், அடைப்பும் போச்சு. ரெண்டு வருஷமா அந்த வண்டியில என் குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போனேன், பெட்ரோலை உள்ள நிறுத்தி வச்சிருந்தது இரும்பு இல்ல, துருன்னு தெரியாமயே.

ஏன் எட்டும் ஒரே கோட்டுலன்னு அப்புறம் புரிஞ்சுது. 15 வருஷம் வண்டி ஒரே இடத்துல லேசான சரிவுல நின்னிருக்கு, அடியில தேங்கின தண்ணியோட விளிம்பு அந்தக் கோட்டுல இருந்திருக்கு. தண்ணியும் பெட்ரோலும் சந்திக்கிற விளிம்புல துரு அதிகமா தின்னிருக்கு. தகடு முழுக்க அரிக்காம புள்ளி புள்ளியா ஓட்டை விழுந்ததுக்கும் காரணம் இருக்கு. அந்தக் காலத்து டேங்கெல்லாம் டெர்ன் தகடு, இரும்பு மேல ஈயமும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்த பூச்சு. துத்தநாகம் பூசின தகடுன்னா ஒரு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். ஈயம் அப்படி விட்டுக்கொடுக்காது, வெறும் போர்வைதான், போர்வையில ஊசி அளவு கிழிசல் இருந்தா துரு அந்த ஊசித்துளையிலயே நேரா கீழ இறங்கும். பட்டைக்கு அடியில இருந்த மூணு வேற கதை, அது வெளிய இருந்து உள்ள போன துரு. பட்டைக்கும் டேங்குக்கும் நடுவுல உரசாம இருக்கட்டும்னு வச்ச கம்பளித்துண்டு, மழைத்தண்ணியைக் குடிச்சு வருஷக்கணக்கா தகட்டோட ஒட்ட வச்சுக்கிட்டே இருந்திருக்கு. அந்த மூணு ஓட்டைக்கும் நேர் கீழ போறது சைலன்ஸர் பைப். நீளமா ஓட்டிட்டு நிறுத்தினா கை வைக்க முடியாத சூடு அது.

பெரியவர்கிட்ட காட்டினப்போ அவர் முகத்துல ஒரு ஆச்சரியமும் இல்ல. சாக்பீஸ் எடுத்து ஒவ்வொண்ணையும் வட்டம் போட்டார், பதினொண்ணு. நண்பன் பக்கத்துல நின்னு, “கழுவாமயே விட்டிருந்தா இந்தப் பத்தும் வந்திருக்காதுல்லண்ணே”ன்னு கேட்டான். அவர் சாக்பீஸை அவன் கையில குடுத்து, “இதுல எதெல்லாம் விட்றலாம்னு நீயே அழிச்சுக் குடு தம்பி, மிச்சத்தை நான் பத்த வைக்கிறேன்”ன்னார். அவன் கொஞ்ச நேரம் அந்த வட்டங்களையே பாத்துக்கிட்டு நின்னான். ஒண்ணையும் அழிக்கல.

ஈயப் பத்து வேலை

உள்ள ரசாயனப் பூச்சு ஊத்தி உருட்டற முறை ஒண்ணு இருக்கு, டேங்கோட உள் பக்கம் முழுக்க பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒட்டிக்கும். நெறைய பேர் அதைத்தான் சொன்னாங்க. நான் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் எத்தனால். இப்போ பல நாட்டு பெட்ரோல்ல 10 சதவீதமோ அதுக்கு மேலயோ எத்தனால் கலக்கறாங்க, பழைய வகைப் பூச்சுகளை எத்தனால் இளக்கி உரிச்சு விட்டுடுது, உரிஞ்ச தோல் போய்க் குழாய் வாயை அடைக்குது. புது வகைப் பூச்சு தாங்கும்னு சொல்றாங்க, தாங்கலாம். ஆனா உள்ள ஒரு தடவை பூசிட்டா அப்புறம் அந்த டேங்கை ஈயம் வச்சுப் பத்த வைக்க முடியாது, சூட்டுல பூச்சு கருகிடும். எனக்கு அப்புறம் அந்த டேங்கை வச்சிருக்கப் போறவருக்கு ஒரு வழியை நான் மூடிட்ட மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. எத்தனாலுக்கு இன்னொரு குணமும் இருக்கு, தண்ணியை இழுத்து வச்சுக்கும், 10 சதவீதக் கலவையில அரை சதவீதம் அளவுக்குத் தண்ணி சேர்ந்துட்டா எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா பிரிஞ்சு அடியில போய் உக்காந்துக்கும். அதாவது இனிமே ஓடாம நிறுத்தினா டேங்குக்கு முன்ன இருந்ததைவிட ஆபத்து கூடத்தான்.

கேஸ் வெல்டிங் வேண்டாம்னு பெரியவரே சொல்லிட்டார். அந்தச் சூட்டுல சுத்துவட்டாரத்து ஈயப் பூச்சு எரிஞ்சு விஷப் புகையா போயிடும், பத்த வச்ச இடத்தைச் சுத்தி இரும்பு அம்மணமாயிடும், அங்க புதுசா துரு புடிக்கும். ஈயப் பத்துன்னா 183 டிகிரியிலயே இளக ஆரம்பிக்கும், பூச்சு கலையாது. பட்டைத் தடத்துல ஸ்க்ரூடிரைவர் முனையால லேசா குத்திப் பாத்தார், மூணு ஓட்டைக்கும் நடுவுல இருந்த தகடு அப்படியே உள்ள போச்சு. அந்த இடத்தைக் காகிதம் மாதிரி வெட்டி எடுத்துட்டார். எட்டு புள்ளிக் கோட்டுல தகடு கெட்டியா இருந்துச்சு, அதை வெட்டல. ரெண்டு இடத்துக்கும் வெள்ளீயம் பூசின தகட்டுல ஒட்டு வெட்டி, ஓரத்தை வளைச்சு, டேங்கையும் ஒட்டையும் பளபளன்னு தேய்ச்சு, துத்தநாகத் துண்டு போட்டு அடக்கின ஆசிட்டைத் தடவி, ரெண்டுலயும் தனித்தனியா ஈயம் பூசிட்டு அப்புறம்தான் சேர்த்து வச்சார். கோட்டு ஒட்டைப் பத்த வைக்கிறப்போ அந்த மூலை மேல வர்ற மாதிரி டேங்கை நிறுத்தி, ரெண்டு விரக்கடை இடம் விட்டு மிச்சம் முழுக்கத் தண்ணி ரொப்பியிருந்தார், ஆவி நிக்க இடமே இருக்கக் கூடாதுன்னு. செம்புத் தலை இரும்பை முப்பதடி தள்ளி அடுப்புல காய வச்சு, தூக்கிக்கிட்டு நடந்து வந்து இழுப்பார், ஆறிப்போச்சுன்னா திரும்ப நடப்பார். அடுப்பு ஒரு தடவைகூட கிட்ட வரல. ஈயம் ஒட்டோட விளிம்புக்கு அடியில வெள்ளி மாதிரி ஓடிப் போய் மறையறதைப் பாக்கணும், அவ்வளவு அழகு. முடிஞ்சதும் சமையல் சோடா தண்ணியில கழுவினார், அந்த ஆசிட் மிச்சம் இருந்தா அதுவே அடுத்த ஓட்டையைப் போடும்.

வெட்டி எடுத்த துண்டை நண்பன் கையில வாங்கி ரெண்டு விரலால அழுத்திப் பாத்தான். பொடிஞ்சு போச்சு. விரல்ல ஒட்டின பழுப்புத் தூளை ரொம்ப நேரம் பாத்தான். ஒண்ணும் சொல்லல.

காத்து டெஸ்டுக்கு கம்ப்ரஸர் வைக்கக் கூடாது, மெல்லிய தகட்டு டேங்க் ஊதிப் போய் தையல் விட்டுடும், ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐக்கு மேல போகவே வேண்டாம். கைப்பம்புல கொஞ்சமா ஏத்தி சோப்புத் தண்ணி தடவிப் பாத்தோம், காத்து முட்டை வரல. திருப்தி ஆகாம பெட்ரோல் போற குழாயில ஒரு பலூனை மாட்டி, டேங்க் காத்துல அது உப்பி நிக்கிற மாதிரி விட்டுட்டு, அதே அளவுக்கு இன்னொரு பலூனை ஊதிக் கட்டிப் பக்கத்துல வச்சேன், பலூன் ரப்பரே ராத்திரியில கொஞ்சம் காத்து விடும், அதோட ஒப்பிட்டுப் பாக்கணும்ல. காலையில ரெண்டும் ஒரே அளவுக்குத் துவண்டு ஒண்ணை ஒண்ணு சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கே மாட்டிட்டோம், கம்பளிக்குப் பதிலா தண்ணி குடிக்காத ரப்பர் பட்டை, புது ஹோஸ், புது கேஸ்கெட். கண்ணாடி ஃபில்டர்ல முதல் வாரம் கருப்பா தூசி வந்துச்சு, ரெண்டு தடவை மாத்தினேன், மூணாவது ஃபில்டர் இன்னைக்கு வரைக்கும் சுத்தமா இருக்கு.

நண்பனோட கேள்விக்கு வர்றேன். சங்கிலி போட்டு அவ்வளவு நேரம் குலுக்கினது அதிகம்னு இப்போ நினைக்கிறேன், அமிலமே போதுமா இருந்திருக்கும், சில புள்ளிகள் இன்னும் சின்னதா இருந்திருக்கலாம். அதை அவன்கிட்ட ஒத்துக்கிட்டேன். ஆனா பத்து ஓட்டையை நான் உண்டாக்கினேன்னு மட்டும் ஒத்துக்க முடியல. அது எனக்கு முன்னாடியே அங்க இருந்துச்சு, அதுல மூணு சைலன்ஸர் பைப்புக்கு நேர் மேல, கம்பளியும் துருவும் எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள்ங்கற கணக்குல. அவன் இன்னும் பதினொண்ணுன்னுதான் சொல்றான். சண்டை இல்ல, ஆளுக்கு ஒரு நினைப்பு.

போன வாரம் டிக்கி மூடியைத் திறந்து ஃப்ளோட் வயரைப் பாத்துக்கிட்டு இருந்தப்போ, டேங்கோட மேல் பக்கத் தையல்ல விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு கண்ணுல பட்டுச்சு. காத்து டெஸ்ட்ல அங்க முட்டை வரல, வாசனையும் இல்ல, காஞ்சுதான் இருக்கு. நகத்தால சுரண்டலாமான்னு விரலைக் கொண்டு போயிட்டு எடுத்துட்டேன். சாக்பீஸால ரெண்டு முனையிலயும் கோடு போட்டு, தேதி எழுதி வச்சிருக்கேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல.